ரேம் விலை எகிறுது... புதுசு வாங்கும் முன் பழசை டெஸ்ட் பண்ணிட்டீங்களா?

தருமபுரியில் இருப்பவர்களுக்கு கம்ப்யூட்டர் பார்ட்ஸ் வேண்டுமென்றால் மூன்று வழி. உள்ளூர் சர்வீஸ் கடை, ஒன்றரை மணி நேரத்தில் சேலம், கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும் என்றால் பஸ் ஏறி பெங்களூரு எஸ்.பி. ரோடு. ஆனால் 2025 இறுதியில் தொடங்கிய ரேம் விலையேற்றத்துக்குப் பிறகு பெங்களூரு வரை போனாலும் பெரிதாக லாபமில்லை. சில மாதங்களிலேயே பல ரகங்களின் விலை இரண்டு மடங்கைத் தாண்டியது. பழைய டிடிஆர்4 ரகமும் தப்பவில்லை.

காரணம் ஏஐ. உலகின் பெரும்பாலான ரேம் சிப்களைத் தயாரிப்பது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்றே நிறுவனங்கள். ஏஐ டேட்டா சென்டர்கள் நல்ல விலை கொடுப்பதால் உற்பத்தி அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. வீட்டு உபயோகத்துக்கான ‘குரூஷியல்’ பிராண்டையே மூடப்போவதாக 2025 டிசம்பரில் மைக்ரான் அறிவித்தது.

இந்த நேரத்தில் “ரேம் போயிடுச்சு, மாத்திடலாம்” என்ற ஒரு வார்த்தையை நம்பிப் பணத்தை எடுத்து வைப்பது சரியல்ல. ரேம் கெட்டதா இல்லையா என்பதை வீட்டிலேயே, காசு செலவில்லாமல் டெஸ்ட் செய்துவிட முடியும்.

பத்தலையா, கெட்டுப்போச்சா?

இரண்டும் வேறு வேறு. அரூரிலோ பென்னாகரத்திலோ ஏதோ ஒரு வீட்டில் அரசு கொடுத்த பழைய விலையில்லா லேப்டாப் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். பிரவுசரில் நான்கு டேப் திறந்தாலே திணறும். அது ரேம் பத்தாத பிரச்சினை. டாஸ்க் மேனேஜரில் மெமரி எப்போதும் 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் சந்தேகமே வேண்டாம்.

கெட்டுப்போன ரேம் வேறு மாதிரி தொல்லை கொடுக்கும். திடீர் புளூ ஸ்கிரீன், ஒவ்வொரு முறையும் வேறு வேறு எரர், பாதியில் நின்றுபோகும் இன்ஸ்டலேஷன், டவுன்லோடு செய்த ஜிப் ஃபைல் திறக்க மறுப்பது. இதைவிட மோசமானது சத்தமில்லாமல் நடப்பது. 8 ஜிபி ரேமில் சுமார் 6,871 கோடி பிட்கள் இருக்கின்றன. அதில் ஒன்று 0-க்குப் பதில் 1 ஆனாலும் அந்த வழியாகக் காப்பியாகும் கல்யாண போட்டோ கோடு கோடாகிவிடலாம். பேக்கப் எடுத்தாலும் பழுதான காப்பிதான் போய்ச் சேரும்.

ஒரு பிட் என்ன செய்துவிடும் என்று கேட்டால், பெல்ஜியத்தைப் பார்க்கலாம். 2003 தேர்தலில் ஷார்பேக் என்ற ஊரில் ஒரு வேட்பாளருக்கு 4,096 ஓட்டு கூடுதலாக விழுந்தது. அங்கே அவர் வாங்கியிருக்கவே முடியாத எண்ணிக்கை என்பதால் மாட்டிக்கொண்டது. மெமரியில் ஒரே ஒரு பிட் தானாக மாறியதுதான் காரணம் என்பது நிபுணர்களின் கணிப்பு. அது எப்போதோ ஒருமுறை நடப்பது. கெட்ட ரேமோ இதையே திரும்பத் திரும்பச் செய்யும்.

எப்படி டெஸ்ட் செய்வது?

முதலில் விண்டோஸிலேயே இருக்கும் ‘விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்’. ஸ்டார்ட் மெனுவில் தேடி ஓட்டினால் ரீஸ்டார்ட் ஆகி டெஸ்ட் தொடங்கும். எஃப்1 கீயை அழுத்தி ‘எக்ஸ்டெண்டட்’ தேர்வு செய்வது நல்லது. முடிவு திரையில் வராமல் போனால் ஈவென்ட் வியூவரில் இருக்கும்.

இதில் பிழை வந்தால் சந்தேகம் பலமாகிறது. பிழை வரவில்லை என்பதால் மட்டும் ரேம் நல்லது என்று சொல்லிவிட முடியாது. அடுத்தது மெம்டெஸ்ட்86 அல்லது ஓப்பன் சோர்ஸான மெம்டெஸ்ட்86 பிளஸ். பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரை பூட் செய்ய வேண்டும். பென் டிரைவில் ஏற்கெனவே உள்ளதெல்லாம் அழிந்துவிடும், கவனம். சில கம்ப்யூட்டர்களில் செக்யூர் பூட்டை ஆஃப் செய்ய வேண்டியிருக்கும். பிட்லாக்கர் ஆனில் இருந்தால் ரெகவரி கீயைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கவும். குறைந்தது நான்கு சுற்று ஓட வேண்டும், பல மணி நேரம் பிடிக்கலாம். இரவில் ஓடவிட்டுத் தூங்கிவிடலாம். பகலில் என்றால், மின்வாரியம் பராமரிப்புக்காக கரன்ட்டை நிறுத்தும் நாளாக இருக்கக் கூடாது!

ஒரே ஒரு பிழை வந்தாலும் ஃபெயில்தான். அதற்காக உடனே ரேமைத் தூக்கிப் போட வேண்டாம். பயாஸில் எக்ஸ்எம்பி ஓவர்கிளாக் ஆனில் இருந்தால் ஆஃப் செய்துவிட்டு மீண்டும் ஓட்ட வேண்டும். பிறகு பவர் கேபிளைக் கழற்றி, ரேமை எடுத்து, தங்க நிறப் பட்டைகளைத் துடைத்து, சரியாக அழுத்திப் பொருத்த வேண்டும். பல சமயம் இதிலேயே பிரச்சினை தீர்ந்துவிடும். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு டெஸ்ட் செய்ய வேண்டும். எந்த ஸ்லாட்டில் போட்டாலும் அதே ரேமில் பிழை வந்தால் கெட்டது ரேம். எந்த ரேமைப் போட்டாலும் அதே ஸ்லாட்டில் வந்தால் மதர்போர்டு பக்கம் பார்க்க வேண்டும். எத்தனை முறை ஓட்டியும் பிழையே இல்லையா? புளூ ஸ்கிரீனுக்கு எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், டிரைவர் என வேறு காரணம் இருக்கலாம்.

ரேம்தான் என்று உறுதியானால் பழைய பில்லைத் தேடுங்கள். தனியாக விற்கப்படும் ரேம்களுக்குப் பல பிராண்டுகள் 10 ஆண்டு அல்லது ஆயுட்கால வாரன்டி தருகின்றன. இப்போதைய விலையில் அந்தப் பில் பெரிய சொத்து. பிழை காட்டும் திரையை போட்டோ எடுத்து வைத்தால் கிளைம் செய்யும்போது உதவும்.

புதுசு கட்டுப்படியாகாது என்று செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள், கடையிலேயே மெம்டெஸ்ட் ஒரு சுற்றாவது ஓடி முடிந்த பிறகு பணம் கொடுக்கலாம். ஓட்டிக் காட்ட மாட்டேன் என்கிற கடையில் வாங்கத் தேவையில்லை.