“இதை என் பையனும் போடுவான்!”

சதுரத்துக்குள் ஒரு சதுரம், அதற்குள் இன்னொன்று. மொத்தம் மூன்றே வர்ணம். இப்படி ஒரு திரை அச்சுப் படத்தைக் கண்டதும் நம்மில் படித்தவர்கள் சொல்லும் தீர்ப்பு ஒன்று உண்டு: “இதை என் பையனும் போடுவான்!” சொல்லிவிட்டு, திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டவர்கள் போல அக்கம்பக்கம் பார்ப்பார்கள்.

பையன் போடுவான், சந்தேகமே இல்லை. சதுரம் போடுவது சாமர்த்தியம் என்று யார் சொன்னார்கள்? இந்தச் சதுரங்களுக்குப் பேர்போனவர் ஜோசப் ஆல்பர்ஸ். ஜெர்மனியில் பிறந்து, நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933-ல் அமெரிக்கா போய், அங்கே வாத்தியார் வேலை பார்த்தவர். 1950-ல், 62 வயதில், ‘சதுரத்துக்கு மரியாதை’ என்ற வரிசையை ஆரம்பித்து, 1976-ல் இறக்கும் வரை அதை விடவில்லை. இருபத்தைந்து வருஷம் ஒரே வடிவத்தைக் கட்டிக்கொண்டிருந்தார் என்றால் வேறு வடிவம் அவருக்குத் தெரியாது என்றா அர்த்தம்? வடிவம் வாயை மூடிக்கொண்டால்தான் வர்ணம் பேசுவது காதில் விழும்.

திரை அச்சு நமக்கு ஒன்றும் அந்நியமல்ல. ஊருக்கு ஊர் கல்யாணப் பத்திரிகையும் மஞ்சள் பையும் அதில் அடிக்கிறார்களே! சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலைத்துணி. வேண்டாத இடத்தை அடைத்துவிட்டு ரப்பர் கட்டையால் மையை ஒரே இழுப்பாக இழுத்தால், திறந்த இடத்தின் வழியே மை தாளில் இறங்கும். வர்ணத்துக்கு ஒரு திரை. தூரிகைத் தடம் இல்லை, நிழல் இல்லை, கைத்திறனைக் காட்டிக்கொள்ள இடமே இல்லை. ஒரு வர்ணம் இன்னொன்றின் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் அதற்கு என்ன ஆகிறது என்பது மட்டும்தான் மிச்சம். ஆல்பர்ஸ் 1963-ல் வெளியிட்ட வர்ணப் பாடநூலில் இதற்காகவே திரை அச்சுத் தாள்களைச் சேர்த்தார். ஒரே நிறம் ஓரிடத்தில் வெளிறியும் மற்றோரிடத்தில் கறுத்தும் நம்மை ஏய்ப்பதை அதில் காணலாம்.

ஜவுளிக்கடைக்குப் போகும் எந்த அத்தைக்கும் இது தெரியும். அரக்குக் கரையோடு பிரமாதமாக இருந்த மாம்பழ மஞ்சள், வேறு கரை வைத்தால் சோகை பிடித்துக் கிடக்கும். பாரிஸில் கோப்லின் நெசவுச்சாலைக்கு இதே தலைவலி வந்தது: கறுப்பு நூலில் கறுப்பு போதவில்லை என்று புகார். சாயப் பகுதியை மேற்பார்த்த ரசாயன நிபுணர் ஷெவ்ரல் ஆராய்ந்து பார்த்தார். சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் ஓடிய நீல நூல்தான் கறுப்பைக் கெடுத்தது. அதைப் பற்றி 1839-ல் பெரிய புத்தகமே போட்டார்.

அத்தையையும் ஷெவ்ரலையும் நம்பாதவர்கள் ஜவ்வாது மலைக்கு வரட்டும். போளூரிலிருந்து பார்த்தால் மலை நீலம். ஏறி ஜமுனாமரத்தூர் போய்ச் சேர்ந்தால் அந்த நீலத்தில் ஒரு பிடிகூட அகப்படாது. மரங்களும் சாமைக் கொல்லையும் மண்ணும்தான். நடுவே கிடக்கும் காற்று வெளிச்சத்தைச் சிதறடித்துக் காட்டிய வேடிக்கை அது.

அதே மலையில்தான் காவலூர் இருக்கிறது. வைணு பாப்பு 1960-களின் கடைசியில் அங்கே தொலைநோக்கி வைக்கத் தொடங்கினார். 1972-ல் 1 மீட்டர் கருவி வந்தது, 1986-ல் 2.34 மீட்டர். வானநூல்காரர்கள் நட்சத்திரத்தின் நிறத்தை எப்படி எடைபோடுகிறார்கள் தெரியுமா? நீல ஒளியை மட்டும் விடும் வடிகண்ணாடியைப் போட்டு ஒருமுறை அளக்கிறார்கள். பச்சை-மஞ்சள் ஒளிக்கு ஒருமுறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நிறம். அதை வைத்தே ‘திருவாதிரை சூடு குறைந்தது, அதனால் சிவப்பு’ என்கிறார்கள். கண்ணின் மயக்கமும் கருவியின் அளவும் ஒன்றல்ல என்பது எனக்கும் தெரியும். ஒற்றையாக நிற்கும் நிறத்தை இருவருமே நம்புவதில்லை என்பதுதான் என் கட்சி. இருட்டில் ஒரு புள்ளி, இரண்டு கண்ணாடித் துண்டு. இதைவிடச் சிக்கனமான சித்திரம் உண்டா? ஆனால் காவலூரில் போய் நின்று “இதை என் பையனும் பார்ப்பான்” என்று ஒருவரும் சொல்லக் காணோம். சர்க்கார் கட்டிடம், பெரிய கூண்டு. மரியாதை தானாக வந்துவிடுகிறது!

இன்னொரு கூட்டம் இருக்கிறது. இவர்கள் கேலி செய்யமாட்டார்கள். “ஆஹா, இது நம் ஸ்ரீசக்கரமல்லவா!” என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். படத்தைப் பார்க்காமல் தப்பிக்கப் பக்தியும் ஒரு வழி. இவர்களைவிடக் கேலிக்காரரே தேவலை. அவராவது மூன்று சதுரம் இருப்பதைக் கவனித்தார்.

குற்றம் எங்கே என்கிறீர்களா? கோவில்பட்டி கொண்டையராஜுவின் காலண்டர் முருகன்மேல் எனக்கு விரோதமில்லை. கதை எழுதிப் பிழைக்கிற நான், படத்தில் கதை தேடுகிறவர்களைக் கோபிக்கவும் முடியாது. என் கோபமெல்லாம் பள்ளிக்கூடத்துச் சித்திர வகுப்பின்மேல். மலை என்றால் பச்சை, மண் என்றால் பழுப்பு என்று பெட்டியிலேயே தீர்மானித்துக் கொடுத்துவிடுகிறோம். போளூர்ப் பிள்ளை தினமும் ஜன்னலில் நீல மலையைப் பார்க்கிறது. நோட்டில் பச்சை அடிக்கிறது. நீலம் அடித்தால் தப்பாம்! கண்ணை நம்பாதே என்று பத்து வருஷம் சொல்லிக்கொடுத்துவிட்டு, பிறகு அந்தப் பிள்ளையின் பேரை வைத்தே ஆல்பர்ஸைக் கேலி பேசுகிறோம்.

பையன் போடுவான் என்றீர்களே, போடச் சொல்லுங்கள். ஒரே சாம்பல் நிறத் தாளிலிருந்து தீப்பெட்டி அளவு இரண்டு துண்டு வெட்டட்டும். ஒன்றைக் கறுப்புத் தாளின் நடுவிலும் மற்றதை வெள்ளைத் தாளின் நடுவிலும் ஒட்டட்டும். இரண்டும் ஒரே நிறமா என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அப்புறம் என்னோடு சண்டைக்கு வரலாம்.