தேடியதற்குச் சாட்சி எங்கே?

வேலையற்றவனுக்கு அரசாங்கம் பணம் கொடுப்பது தருமமா, உரிமையா என்னும் வினா பழையது. அதனினும் கடினமான வினா ஒன்று உண்டு. உதவி பெறுபவன் மெய்யாகவே வேலை தேடுகிறானா என்பதை அறிவது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை காண நூறாண்டுக்கு மேலாக முயன்று வரும் நாடு பிரித்தானியா. நம்மவர் பலர் குடியேறி உழைக்கும் நாடும் அதுவே. ஆதலின் அதன் அனுபவத்தை இவ்வாரம் நோக்குவோம்.

1911 ஆம் ஆண்டிலே பிரித்தானியப் பாராளுமன்றம் தேசிய காப்புறுதிச் சட்டத்தை நிறைவேற்றியது. கப்பல் கட்டுதல், கட்டட வேலை, பொறித்தொழில் முதலியவற்றில் ஈடுபட்ட தொழிலாளர் வாரந்தோறும் இரண்டரைப் பென்ஸ் செலுத்தினர். முதலாளியும் அவ்வளவே செலுத்தினார். அரசாங்கம் தன் பங்கைச் சேர்த்தது. வேலையிழந்தவனுக்கு வாரம் 7 சிலிங் வீதம், ஆண்டில் 15 வாரம் வரை கிடைத்தது. அவன் அரசாங்கத் தொழில் நிலையத்திலே தன் பெயரைப் பதிந்து, வேலைக்கு ஆயத்தமாயிருப்பதாகக் கையொப்பமிடுதல் வேண்டும். வேலை எங்கேனும் இருந்தால் நிலையம் அவனுக்கு அறிவிக்கும்.

முதலாம் உலக யுத்தத்தின் பின் நிலைமை மாறியது. 1921 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் வேலையற்றோர் தொகை 20 இலட்சத்தைத் தாண்டிற்று. செலுத்திய சந்தாவுக்குரிய உதவி தீர்ந்தபின்னும் வேலை கிடைக்காதவர்களைக் கைவிட முடியவில்லை. அவர்களுக்கு உதவியை நீடித்த அரசாங்கம், அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலே புதிய நிபந்தனை ஒன்றை விதித்தது. முழுநேர வேலையை உண்மையாகவே தேடியும் தமக்குக் கிடைக்கவில்லை என்பதை விண்ணப்பகாரரே நிரூபித்தல் வேண்டும். 1924 இல் இந்நிபந்தனை உதவி பெறுவோர் அனைவருக்கும் விரிந்தது. அதனை விரித்தது தொழிலாளரின் பெயரால் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி அரசாங்கமே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இந்நிபந்தனை கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் நடைமுறையில் அது எவ்வாறு இயங்கிற்று? எந்த நாள் எந்தத் தொழிற்சாலைக்குச் சென்றாய், யாரைக் கண்டாய், என்ன கேட்டாய் என்று வினாவினர். சுரங்கமே தொழிலாகவுள்ள ஊரில் அச்சுரங்கம் மூடப்பட்டுவிட்டது என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவனுக்கும் தெரியும். இருப்பினும் அவன் வாயிலுக்கு வாயில் நடந்து, இல்லை என்னும் சொல்லைச் சேகரித்து வரவேண்டியவனானான். இல்லை என்று சொன்ன காவலாளி அதற்குச் சீட்டு எழுதிக் கொடுப்பதில்லை. ஆகவே நாவன்மை உள்ளவன் தப்பினான். உண்மையாய் அலைந்தும் எடுத்துச் சொல்லத் தெரியாதவன் வாரப் பணத்தை இழந்தான். மணமான பெண்களின் விண்ணப்பங்களை மறுப்பதற்கும் இது எளிய கருவியாயிற்று.

1929 இல் அமைந்த மொறிஸ் குழு இவ்விடயத்தை ஆராய்ந்தது. 1930 ஆம் ஆண்டுச் சட்டம் இந்நிபந்தனையை நீக்கி, நிரூபிக்கும் சுமையை இடம் மாற்றியது. பொருத்தமான வேலை காட்டப்பட்டும் அதனைத் தக்க காரணமின்றி ஏற்காதவனே உதவியை இழப்பான் என்றாயிற்று.

எனினும் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். உதவிப் பணம் உழைப்போர் செலுத்தும் சந்தாவிலும் வரியிலும் இருந்தே வருகின்றது. உழைப்பவன் கேள்வி கேட்பதைக் குற்றமெனக் கூற இயலாது. ஆகையினாலேயே பழைய நிபந்தனை வேறு உருவிலே திரும்பி வந்தது. வேலையை முனைந்து தேடவேண்டும் என்னும் விதி 1989 ஆம் ஆண்டுச் சட்டத்திலே இடம்பெற்றது. 1996 இல் வேலை தேடுவோர் உதவிப்பணம் ஆரம்பமானபோது, தேடும் முறையை விவரிக்கும் உடன்படிக்கையிற் கையொப்பமிட வேண்டியதாயிற்று. 2013 முதல் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த உதவித் திட்டத்திலே, வேலை தேடுவதற்கு வாரத்தில் 35 மணித்தியாலம் வரை செலவிடுமாறு எதிர்பார்க்கப்படலாம். தவறினால் பணம் குறைக்கப்படும். அங்குள்ள உறவினருக்கு நாம் கூறக்கூடிய புத்தி ஒன்றே: சென்ற இடம், திகதி, கிடைத்த பதில் ஆகிய அனைத்தையும் அன்றன்றே எழுதி வைத்தல்.

2020 ஆம் ஆண்டிலே கொரோனா நோய் பரவி நாடே முடங்கியபோது, அதே அரசாங்கம் வேலை தேடும் நிபந்தனையை மூன்று மாதத்துக்கு நிறுத்தி வைத்தது. எல்லாக் கதவுகளும் அடைபட்டிருக்கையில் தட்டச் சொல்வது வீண் என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டனர். ஓர் ஊரின் கதவுகள் மாத்திரம் அடைபட்டிருந்த காலத்தில் இவ்வுண்மை எத்துணை பேருக்குப் புலப்பட்டது?

நமது நாட்டில் வேலையற்ற பிள்ளைக்கு உதவிப் பணம் கொடுப்பது பெரும்பாலும் அதன் குடும்பமே. இன்றைக்கு எங்கே போனாய், யாரைக் கண்டாய் என்னும் விசாரணையும் மாலைதோறும் வீட்டிலேயே நடைபெறுகின்றது. சோறு இடுபவருக்கு அவ்வாறு கேட்கும் உரிமை உண்டு. ஆனால் 1930 ஆம் ஆண்டுச் சட்டம் உணர்ந்ததைப் பெற்றோரும் உணர்தல் நன்று. எங்கே தேடினாய் என்று கேட்பதற்கு முன்னர், இன்ன இடத்தில் இன்ன வேலை உண்டு, போய்ப் பார் என்று சொல்லத்தக்க ஒரு செய்தியையாவது நாம் விசாரித்து வைத்திருத்தல் வேண்டும்.