தங்க ஓலையும் தகரப்பெட்டியும்

அக்கா மகள் கோபன்ஹேகனில் வேலைக்குச் சேர்ந்ததை இந்தப் பத்தியில் முன்பே எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை காலை அவளிடமிருந்து நாற்பது படங்கள் வந்து இறங்கின. கடலோரப் பாறையில் உட்கார்ந்திருக்கும் கடற்கன்னி சிலை, 1913இல் வைத்தது. உள்ளே சுற்றிச் சுற்றிச் சாய்தளமாகவே மேலேறும் வட்டக் கோபுரம். ரோசன்போர்க் அரண்மனை. கடைசியாகப் பழைய பங்குச்சந்தைக் கட்டடம். 2024 ஏப்ரல் 16ஆம் தேதி அது தீப்பிடித்ததும், நான்கு டிராகன்களின் வால்கள் முறுக்கிக்கொண்டு நின்ற அதன் கூர்முனை சரிந்து விழுந்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். உள்ளே இருந்த பழைய ஓவியங்களை, தெருவில் போனவர்களும் கைகொடுத்து வெளியே தூக்கி வந்தார்கள்.

“எது மாமா நல்லா இருக்கு?” என்று கேட்டாள்.

கோபுரம், அரண்மனை, பங்குச்சந்தை மூன்றும் நான்காம் கிறிஸ்டியன் என்ற ஒரே அரசர் காலத்தில் எழுந்தவை. அந்த ராஜாவுக்குத் தஞ்சாவூரிலிருந்து தமிழில் ஒரு கடிதம் போயிருக்கிறது, அதுவும் தங்கத் தகட்டில், என்று சொன்னேன்.

“நெசமாவா மாமா? தங்கத்துலயா?”

நிஜம்தான். 1618இல் கோபன்ஹேகனிலிருந்து புறப்பட்ட கப்பல்களின் தலைவர் ஓவே கெட்டே, 1620இல் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்து தரங்கம்பாடியைப் பெற்றார். டேனிஷ் கோட்டை அப்படித்தான் வந்தது. 1845இல் வங்கத்துச் செராம்பூரோடு சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். நாயக்கர் எழுதிய தங்க ஓலை மட்டும் டென்மார்க் தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றைக்கும் இருக்கிறது. நடுவில் 1728, 1795 என இரண்டு முறை அந்த நகரத்தின் ஒரு பெரிய பகுதி எரிந்தது. ஓலை தப்பித்தது. வணிகக் கம்பெனிகளின் கணக்குப் புத்தகங்களையும் வைத்திருக்கிறார்கள். 1997இல் யுனெஸ்கோ தன் உலக நினைவுப் பதிவேட்டில் அவற்றைச் சேர்த்தது.

அந்த நகரத்தின் சின்னங்களைப் பற்றி இந்த வாரம் விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். புதன்கிழமை சாயங்காலம் எங்கள் தெருவில் பார்த்தது எழுதவிடவில்லை.

பழனிசெட்டிபட்டியில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு பழைய ஓட்டு வீட்டை இடிக்கிறார்கள். பரணிலிருந்து இரண்டு தகரப்பெட்டிகளை இறக்கி, உள்ளே இருந்ததை வாசலில் கொட்டித் தீ வைத்துவிட்டார்கள். ஓடிப்போய்க் குச்சியால் இழுத்ததில் அரை நோட்டு ஒன்று கைக்கு வந்தது. தண்ணீர் முறைக் கணக்கு. எந்த மடையில் எந்த ராத்திரி யார் வயலுக்குத் தண்ணீர் என்று தேதி போட்டு மை பேனாவில் எழுதியிருக்கிறது. கூட இருந்த முத்திரைத்தாள்கள் எரிந்து போய்விட்டன.

“கரையான் அரிச்ச காயிதம்ண்ணே. போகி வேற வருதுல்ல, அதான்” என்றார் வீட்டுக்காரர். நல்ல மனிதர். எனக்குத்தான் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

வருடா வருடம் மார்கழியில் இதையே எழுதுகிறேன் என்று வாசகர்கள் சொல்வதுண்டு. எழுதுவேன். உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ வீட்டில் இருப்பவர்கள் இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூருக்குப் போனவருக்கு என்ன பதில் கிடைத்தது? பழைய ஏடுகளை ஆகம முறைப்படி நெய்யில் தோய்த்து நெருப்பில் போட்டுவிட்டோம் என்பதுதான். அந்தப் பக்கத்தை எத்தனை முறை படித்தாலும் நெஞ்சு அடைக்கிறது. அவர் ஊர் ஊராக அலைந்திராவிட்டால் நம் சங்க நூல்களில் எத்தனை கைக்கு வந்திருக்கும்?

ஏட்டை விடுங்கள். வெறும் காகிதத்துக்கு என்ன மதிப்பு என்று கம்பம் பள்ளத்தாக்கில் யாரும் கேட்கக் கூடாது. லோயர்கேம்பில் தொடங்கி எங்கள் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோகம் நெல் விளைவது முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரால். அந்தத் தண்ணீர் 1886 அக்டோபர் 29ஆம் தேதி திருவிதாங்கூரோடு எழுதிக்கொண்ட ஒரு குத்தகைப் பத்திரத்தால். 999 வருடம், ஏக்கருக்கு ஐந்து ரூபாய், 8,000 ஏக்கர் என்று அதில் எழுதி வைத்தார்கள். அணை முடிந்தது 1895இல். 142 அடிக்குத் தண்ணீர் தேக்கலாம் என்று 2014இல் தீர்ப்பு வாங்கியபோதும் உச்ச நீதிமன்றத்தில் வாதாட அந்தப் பத்திரம் வேண்டியிருந்தது. ஜனவரி 15 அன்று பென்னிகுயிக் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறோம், வைக்கவும் வேண்டும். அவர் கட்டிய அணையிலிருந்து வந்த தண்ணீர் எங்கள் ஊரில் எந்த மடையில் யாருக்குப் போனது என்ற கணக்கு, அதற்கு ஓரிரு நாள் முன்னால் போகி நெருப்பில் போகிறது.

அக்கா மகளுக்கு அரை நோட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். வீட்டில் இருக்கும் தாத்தாவின் பெட்டியைத் தொடக் கூடாது என்று அவளே அவள் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

உங்களிடமும் அதையே கேட்கிறேன். போகிக்கு இன்னும் நாள் இருக்கிறது. பரணில் இருப்பதைக் கொட்டுவதற்கு முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பிரியுங்கள். ஓலையாக இருந்தால் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறையிடமோ சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திடமோ காட்டுங்கள். காகிதமாக இருந்தால் பக்கம் பக்கமாகக் கைபேசியில் படம் எடுத்துவிட்டு, வேப்பிலை போட்டுத் துணியில் கட்டி வையுங்கள். எரிக்காதீர்கள்.