குழந்தைகளுக்கு அனுமதி இல்லை!



உலகத்தின் மிகப் பெரிய பொம்மைக் கண்காட்சிக்குள் குழந்தைகளை விடமாட்டார்கள். வேடிக்கையாக இல்லை?

ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் 1950-லிருந்து நடக்கும் கண்காட்சி அது. ஜனவரி கடைசி, பிப்ரவரி தொடக்கம் என்று குளிர்காலத்தில்தான் வைப்பார்கள். முழுக்க முழுக்க வியாபாரிகளுக்கானது. தயாரிப்பாளர்கள் ஸ்டால் போட, கடைக்காரர்கள் சுற்றிப் பார்த்து ஆர்டர் கொடுப்பார்கள். வருஷக் கடைசியில் கிறிஸ்துமஸுக்குக் கடைக்கு வரும் பொம்மைகள் பலவற்றுக்கு அங்கேயே விலை பேசி முடித்துவிடுவார்கள்.

அதே கண்காட்சியில் 1974-ல் ஒரு சின்னப் பிளாஸ்டிக் மனிதன் அறிமுகமானான். உயரம் ஏழரை சென்டிமீட்டர். பெயர் பிளேமொபில்.

1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்து பிளாஸ்டிக் விலை எகிறிவிட்டது. அவனை வெளியிட்ட கம்பெனி அதுவரை பெரிய பெரிய பிளாஸ்டிக் சாமான்கள் செய்துகொண்டிருந்தது; அதற்குத் திண்டாட்டம். குறைந்த பிளாஸ்டிக்கில் நிறைய விளையாட்டு வேண்டும் என்ற நிலையில், அங்கே வேலை பார்த்த ஹான்ஸ் பெக் உருவாக்கியிருந்த குட்டி மனிதன் கை கொடுத்தான். குழந்தைகள் வரையும் படத்தைப் போல அவனுக்குப் பெரிய தலை, புள்ளிக் கண், சிரித்த வாய். மூக்கு கிடையாது!

பெக் அவனை எந்த விளக்கமும் சொல்லாமல் குழந்தைகள் கையில் கொடுத்துப் பார்த்தார். அவர்கள் உடனே கதை கட்டி விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். கண்காட்சிக்கு வந்த கடைக்காரர்களோ முதலில் தயங்கினார்கள். ஹாலந்து வியாபாரி ஒருவர் துணிந்து பெரிய ஆர்டர் கொடுத்த பிறகுதான் மற்றவர்களுக்கு நம்பிக்கை வந்தது.

பெரியவர்களின் கண் எங்கே போகும் என்பது நமக்குத் தெரியாதா? பிறந்தநாள் என்றால் பெரிய டப்பாவைத்தானே தேடுகிறோம்? விளக்கு எரிய வேண்டும், பாட்டு வர வேண்டும், கொடுக்கும்போது நாலு பேர் பார்க்க வேண்டும். கடைசியில் "உடைச்சிடுவான்" என்று ஷோகேஸில் வைத்துப் பூட்டுவதும் நாம்தான். பட்டனை அழுத்தினால் எல்லாவற்றையும் பொம்மையே செய்துவிடும் என்றால், பிள்ளைக்கு அங்கே என்ன வேலை?

அடுத்த முறை கடைக்குப் போகும்போது, இதை வைத்து நம் பிள்ளை என்னென்ன செய்யும் என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு வாங்குங்களேன். பெரும்பாலும் செலவும் குறையும்.

கூடவே டப்பாவில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் இந்தியாவில் அது கட்டாயம். (பதிவு பெற்ற கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்கும் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு.) கண்டதையெல்லாம் வாயில் வைக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில், பெயிண்ட் உதிரும் பொம்மை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

உங்கள் வீட்டில் அதிக நாள் உழைத்த விளையாட்டுச் சாமான் எது? எங்களுக்கு எழுதுங்கள், விலையோடு. பத்து ரூபாய்க்குள் இருந்தால் முதல் கடிதமாகப் போடுகிறோம்!

அன்புடன்,
ஆசிரியர்