புதிதாக வரும் பையனை யாரிடம் ஒப்படைக்கிறோம்?



நம் சங்கத்தின் எந்தக் கூட்டத்திற்குப் போனாலும், வரியையும் வாடகையையும் பேசி முடித்த பிறகு பேச்சு ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. "ஆள் கிடைப்பதில்லை; கிடைத்தாலும் நிற்பதில்லை." நாங்களும் இதையே வருடக்கணக்கில் புலம்பியவர்கள்தாம். ஒருநாள் எங்கள் கடைச் சம்பளப் பதிவேட்டை உட்கார்ந்து புரட்டியபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. விட்டுப் போனவர்களில் பெரும்பாலோர் ஆறு மாதமோ ஒரு வருடமோ இருந்துவிட்டுப் போனவர்கள் அல்லர். முதல் இருபது நாளைக்குள் போனவர்கள். சம்பளம் போதவில்லை என்று இருபது நாளில் எவனும் போவதில்லை. முதல் சம்பளத்தையே அவன் கண்ணால் பார்த்திருக்க மாட்டான்! அப்படியானால் அவனைத் துரத்தியது வேறு ஏதோ ஒன்று.

எங்களுடையது மொத்த வியாபாரம்; முன்பக்கம் சில்லறையும் உண்டு. விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்து சேர்ந்தான். பத்தொன்பது வயது, பன்னிரண்டாம் வகுப்பு தேறியவன், கணக்கில் கெட்டி. மூன்றாம் நாள் ஓர் அம்மாள் வந்து, நற்சீரகம் நூறு கிராம், பெருஞ்சீரகம் ஐம்பது கிராம் என்று கேட்டார். நம் தென்மாவட்டங்களில் இது சாதாரணப் பேச்சு. பையனுக்கோ சீரகம், சோம்பு என்றுதான் பழக்கம். நல்ல சீரகம் கொஞ்சம், பருமனான சீரகம் கொஞ்சம் என்று புரிந்துகொண்டு, இரண்டு பொட்டலத்திலும் சீரகத்தையே கட்டிக் கொடுத்துவிட்டான். அந்த அம்மாள் திரும்பி வந்தார். வாடிக்கையாளர்கள் நாலு பேர் நிற்கும்போதே, எங்கள் பழைய ஆள் ஒருவர், "சீரகமும் சோம்பும் தெரியாதவனெல்லாம் கடைக்கு வந்தா இப்படித்தான்" என்று சத்தம் போட்டார். மறுநாள் பையனைக் காணோம். அவனுடைய சட்டை ஒன்று மட்டும் மாடிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு நாங்களும் அவனைத்தான் குறை சொன்னோம். "இந்தக் காலத்துப் பையன்களுக்கு ஒரு சொல் பொறுக்காது" என்றோம். ஆற அமர யோசித்தபோதுதான், "தம்பி, இங்கே சோம்புக்குப் பெயர் பெருஞ்சீரகம்" என்று அவனுக்குச் சொல்லவேண்டிய ஆள் யார் என்ற கேள்வி வந்தது. அப்படி ஓர் ஆளை நாங்கள் வைக்கவே இல்லை. வேலைக்கு எடுத்தோம், உள்ளே விட்டோம், அவ்வளவுதான்.

பெரிய கம்பெனிகளில் புதிதாக வருகிறவனுக்கு மூத்தவர் ஒருவரைப் பெயர் குறித்துக் கொடுத்துவிடுகிறார்கள். வேலை நுணுக்கம் முதல் சாப்பிடும் இடம் வரை அவரைக் கேட்டுக்கொள்ளலாம். 'மென்டார்' என்கிறார்கள். பெயர்தான் புதிது; விஷயம் நமக்குப் பழையது. பர்மாவிலும் மலாயாவிலும் கொடிகட்டிப் பறந்த நகரத்தார் கடைகளில் பெட்டியடிப் பையனாக உள்ளே நுழைகிறவன், அடுத்தாள், மேலாள் என்று படிப்படியாக ஏறித்தான் ஏஜெண்ட் ஆனான். யாருக்குக் கீழே யார், யாரிடம் எதைக் கற்க வேண்டும் என்பதில் ஐயப்பாடே இல்லை. நம் மளிகைத் தொழிலிலும் ஊரிலிருந்து அழைத்து வந்த பையனைக் கடையிலேயே தங்கவைத்து, சம்பளத்தை அவன் பெயரில் வரவு வைத்து, பல வருடம் கழித்து அந்தத் தொகையோடு கடனுக்குச் சரக்கும் கொடுத்துத் தனிக்கடை வைத்துக் கொடுத்த முதலாளிகள் உண்டு. இன்று இந்த இதழைப் படிக்கிறவர்களில் எத்தனை பேருடைய தகப்பனார் அப்படி மேலே வந்தவர்!

அதற்காகப் பழையதெல்லாம் பொன் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அடியும் வசவும் அதில் இருந்தன. பத்து வயதுப் பிள்ளையைப் பள்ளியை நிறுத்திக் கூட்டி வந்த பாவமும் இருந்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு பதினான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை எந்தக் கடையிலும் கூலிக்கு வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. நாள் முழுக்க நிற்கவைத்து வேலை வாங்குவதும் போயிற்று. 2021இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தப்படி கடை ஆட்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும். இவையெல்லாம் சரியே. ஆனால் கெட்டதைக் கழித்தபோது, கைபிடித்துக் கற்றுக்கொடுக்கும் வழக்கத்தையும் சேர்த்துக் கழித்துவிட்டோம்.

அதனால் என்ன நஷ்டம் வந்துவிட்டது என்பீர்கள். எங்கள் கிட்டங்கியில் ஒரு பெரியவர் இருந்தார். முப்பது வருடத்துக்கு மேல் எங்களோடு இருந்தவர். வற்றல் மூட்டை வந்து இறங்கினால் குத்தூசி போடுமுன் கையை விட்டு ஒரு பிடி எடுப்பார். காதருகே உலுக்குவார், விதை கலகலக்க வேண்டும். காம்பை ஒடிப்பார், ஒடிய வேண்டும், வளையக் கூடாது. மூட்டையின் நடுவில் கையை நுழைத்து மோந்து பார்ப்பார். எடைக்காகத் தண்ணீர் தெளித்த சரக்கை அவரிடம் யாரும் தள்ளிவிட முடியாது. முழு வற்றலில் ஈரப்பதம் 11 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது; அந்த மனிதருக்கு மீட்டரே தேவைப்படவில்லை. அவர் முழங்கால் வலி தாங்காமல் நின்றுகொண்ட அடுத்த வருடமே நாற்பது மூட்டை ஈர வற்றலை வாங்கி அடுக்கினோம். மேல் மூட்டை கண்ணாடி மாதிரி இருந்தது. அடி மூட்டைகள் உள்ளுக்குள்ளே பூசணம் பூத்துப் போயின. பூசணம் பிடித்த வற்றலில் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சு சேரும். அரைத்துத் தள்ளவும் மனசாட்சி இடம் தராது. அத்தனையையும் கொட்டினோம்.

பெரியவர் வீட்டுக்குப் போய், "இத்தனை வருஷம் இருந்தீங்களே, பையன்கள் யாருக்காவது இதைச் சொல்லிக்கொடுத்திருக்கக் கூடாதா?" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டோம். அவர் அமைதியாகச் சொன்னார்: "நீங்க ஒருநாளும் சொல்லிக்கொடுன்னு சொல்லலையே மொதலாளி. அதுவும் போக, எல்லாத்தையும் சின்னவங்களுக்குச் சொல்லிக்கொடுத்துட்டா அப்புறம் நான் எதுக்கு?"

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. அவருக்குத் தெரிந்ததுதான் அவருடைய சொத்து. அதைச் சும்மா எடுத்துக் கொடு என்று எதிர்பார்த்தது எங்கள் தவறு.

ஆகவே மூத்த ஆளை ஒரு பையனுக்குப் பொறுப்பாக்கும்போது, அவருடைய வேலைக்குக் குறைவு வராது என்ற உறுதியை முதலாளி தம் வாயால் சொல்ல வேண்டும். அதற்குப் பணமும் கொடுக்க வேண்டும். இதில் நாங்கள் முதலில் ஒரு தப்புச் செய்தோம். புதியவன் ஆறு மாதம் நிலைத்தால் மூத்தவருக்கு மொத்தமாக மூவாயிரம் என்று பேசினோம். என்ன நடந்தது? பையன் செய்த பிழைகளையெல்லாம் மூத்தவர் மூடி மறைக்க ஆரம்பித்தார். கல்லாவில் விழுந்த துண்டைக்கூடத் தம் கைக்காசைப் போட்டுச் சரிக்கட்டியிருக்கிறார்! பையன் போய்விட்டால் மூவாயிரம் போய்விடுமே. பிறகு மாற்றிக்கொண்டோம். மூன்று மாதத்துக்கு மாதம் ஆயிரம். பையன் நின்றாலும் போனாலும் அது உண்டு.

இரண்டாவது தப்பும் எங்களுடையதே. "பையன் எப்படி? கை சுத்தமா? எங்களைப் பற்றி என்ன பேசுகிறான்?" என்று மூத்தவரை அவ்வப்போது தோண்டினோம். பையன் கெட்டிக்காரன், ஒரே வாரத்தில் கண்டுகொண்டான். அதன் பிறகு மூத்தவரிடம் வாயே திறக்கவில்லை. இப்போது திருட்டு, அடிதடி தவிர வேறெதையும் எங்களிடம் சொல்லவேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

நேரமும் ஒதுக்க வேண்டும். கூட்ட நேரத்தில் எவரும் கற்றுக்கொடுக்க முடியாது, திட்டத்தான் முடியும். சில்லறையில் மதியம் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை கூட்டம் குறைவு. அதில் முக்கால் மணி நேரம் போதும். முதல் வாரம் எந்தச் சரக்கு எங்கே, எதற்கு எந்த ஊரில் என்ன பெயர் என்பது மட்டும்தான். எடையும் பில்லும் பிறகு. பழைய சரக்கை முன்னே தள்ளிப் புதியதைப் பின்னே வைப்பதும், காலாவதித் தேதி பார்ப்பதும் அதற்குப் பிறகு. தரம் பார்க்கிற வித்தை மூன்று மாதத்தில் வராது. அதற்கு வருடங்கள் வேண்டும். ஆனால் முதல் பிடியை அவன் கையில் கொடுத்துவிடலாம். பெண் பணியாளராக இருந்தால் மூத்த பெண் ஒருவரிடமே ஒப்படைப்பது நல்லது. வடமாநிலத்துப் பையன்களையும் மூட்டை தூக்க மட்டும் என்று ஒதுக்கிவிட வேண்டாம். எங்களிடம் உள்ள ஒடிசாப் பையன் சரக்குப் பெயர்களைத் தன் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு ஆறே மாதத்தில் தமிழில் பேரம் பேசுகிறான். இன்னொரு வேடிக்கை: கைபேசியில் வரும் பணத்தைச் சரிபார்க்கும் வித்தையை எங்கள் கணக்குப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தவனும் அவனே.

இனி, நம் எல்லோர் மனத்திலும் இருக்கும் பயத்துக்கு வருவோம். "தொழிலைக் கற்றுக்கொடுத்தால் நாளைக்கு எதிரிலேயே கடை போடுவான்." போடுவான்தான். எங்களிடமிருந்து போன ஒருவர் எங்கள் சில்லறைக்கு எதிர் வரிசையிலேயே கடை வைத்தார். வாடிக்கையும் கொஞ்சம் போயிற்று. ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதை மறைக்க விரும்பவில்லை. வேறு இருவர் கடை வைத்து இன்றும் எங்களிடமே சரக்கு எடுக்கிறார்கள்; பாக்கி நிற்பதில்லை, ஏனென்றால் கணக்கு எங்களிடம் கற்றது. மொத்த வியாபாரிக்கு இந்த ஆறுதல் உண்டு. சில்லறை வணிகருக்கு எதிர்க்கடை எதிர்க்கடைதான் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஒன்றும் கற்காத பையனும் நம்மிடம் நிற்கவில்லையே! நம் வாடிக்கையை அதிகம் கொண்டுபோவது சூப்பர் மார்க்கெட்டும், கைபேசியில் அழுத்தினால் வீட்டுக்கே வரும் சரக்கும்தான். எந்தத் துவரம் பருப்பு சீக்கிரம் வேகும், எந்தப் புளி எந்தக் குழம்புக்கு என்று முகம் பார்த்துச் சொல்லும் ஆள் அங்கே இல்லை. நம் கடையிலும் அப்படி ஓர் ஆள் இல்லாமற் போனால் வாடிக்கையாளர் எதற்காக நம் படியேற வேண்டும்?

இரண்டே ஆள் வைத்திருக்கும் கடையில் மூத்தவருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். அங்கேதான் சங்கம் வரவேண்டும். ஜெர்மனியில் கடை விற்பனை வேலைக்கே இரண்டு வருடம், மூன்று வருடம் என்று முறையான பயிற்சி உண்டு. கடையில் வேலை, இடையிடையே தொழிற்பள்ளியில் பாடம். அந்தத் தேர்வை நடத்துவது அங்குள்ள தொழில் வணிகச் சபை. கற்றுக்கொடுக்கும் மூத்தவரும் தனியாக ஒரு தேர்வு எழுதித் தகுதி பெற வேண்டும். தொழில் தெரிந்தவருக்கெல்லாம் கற்றுக்கொடுக்கத் தெரிந்துவிடாது என்பதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். நம் நாட்டிலும் 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் இருக்கிறது. 2019 விதித் திருத்தத்தின்படி முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்குப் பழகுநர் எடுப்பது கட்டாயம். நாலு பேர் உள்ள கடையும் விரும்பினால் எடுக்கலாம். நம்மில் இதைப் பயன்படுத்துகிறவர்களை நாங்கள் அதிகம் பார்க்கவில்லை. படிவங்களைக் கண்டு ஒதுங்குகிறோம். சங்க அலுவலகத்தில் ஒருவர் அந்த வேலையை எல்லோருக்குமாகச் செய்து தரலாமே.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். ஒரே வீதியில் உள்ள ஐந்தாறு கடைக்காரர்கள் பேசிக்கொண்டு, ஒரு கடையின் மூத்த ஆளோ, ஓய்வு பெற்ற கணக்குப்பிள்ளையோ வாரம் இரண்டு மதியம் எல்லாக் கடைப் புதியவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கும்படி செய்யலாம். "என் கடை ஆளை நீ இழுத்துக்கொள்வாயே" என்ற சந்தேகம் வரும். ஒருவர் ஆளை மற்றவர் ஒரு வருடத்துக்கு எடுப்பதில்லை என்று வாய்ச்சொல்லாகவாவது பேசிக்கொண்டால் சமாளிக்கலாம் என்று நினைக்கிறோம். பையனுக்கு அது விலங்காகிவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அவன் எங்கள் அடிமை இல்லை.

கிட்டங்கிப் பெரியவரைப் போய்ப் பார்த்து, திங்களும் வியாழனும் ஆட்டோ அனுப்புகிறோம், நாற்காலி போட்டு உட்கார்ந்து பையன்களுக்கு வற்றல் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள், சம்பளமும் தருகிறோம் என்றோம். "யோசிச்சுச் சொல்றேன் மொதலாளி" என்றார். போன வியாழன் ஆட்டோ அனுப்பியிருந்தோம், வந்தார். அக்கம்பக்கத்துக் கடைப் பையன்களும் வரலாம். மதியம் இரண்டரை மணிக்கு வந்தால் போதும்.