கொள்ளு ரசம் இல்லீங்க, ஆபரேஷன்!

மொதல்ல ஒரு மன்னிப்பு கேட்டுட்டு ஆரம்பிக்கிறேன் மக்களே. மூணு வருஷமா ஊரு பூரா ஒரு பொய்யைச் சொல்லிட்டுத் திரிஞ்சேன். "எப்படிண்ணே இவ்வளவு இளைச்சீங்க?"ன்னு யாரு கேட்டாலும், "காலையில ஒரு மணி நேரம் நடை, ராத்திரி கொள்ளு ரசம், அம்புட்டுதான்"னு ஒரே பதில். இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு பழமொழியே இருக்கா... எல்லாரும் நம்பிட்டாங்க.

உண்மை என்னன்னா, 2022 பிப்ரவரியில எனக்கு எடை குறைப்பு அறுவை சிகிச்சை நடந்துச்சு. ஸ்லீவ்னு சொல்லுவாங்க. தங்கமணிக்கும் என் தம்பிக்கும் மட்டும்தான் தெரியும். ஆபீசுல ஹெர்னியா ஆபரேஷன்னு சொல்லி லீவு போட்டேன் (மேனேஜர் இதைப் படிச்சா மன்னிச்சுக்கோங்க சார், ஹி..ஹி..).

இப்ப ஏன் திடீர்னு உண்மை விளம்பின்னு கேட்டீங்கன்னா, காரணம் என் சித்தப்பா பையன். வயசு முப்பத்தொண்ணு. எடை 120ஐத் தாண்டும். என்னைப் பாத்து அவனும் நடந்திருக்கான், கொள்ளு குடிச்சிருக்கான். ஆறு மாசத்துல ஒன்பது கிலோ குறைச்சிருக்கான். அடுத்த ஆறு மாசத்துல பதினொண்ணு ஏறிடுச்சு. ஒரு கிரகப்பிரவேசத்துல தனியா உக்காந்திருந்தவன்கிட்ட போய்ப் பேச்சுக் கொடுத்தேன். "உங்களால முடிஞ்சது என்னால முடியலண்ணே. நமக்கெல்லாம் மனசுல உறுதி கிடையாதுபோல"ன்னான். சாம்பார் வாளியோட நின்னுட்டிருந்த எனக்கு ஒரு வார்த்தை வரல.

அவன் என்கிட்ட தோக்கலைங்க. என் பொய்கிட்ட தோத்துட்டான். அதுக்குத்தான் இந்தப் பதிவு.

முன்கதைச் சுருக்கம்

அப்ப என் எடை 128 கிலோ. உயரம் 168 செ.மீ. எடையை மீட்டர்ல இருக்குற உயரத்தால ரெண்டு தடவை வகுத்தா வர்றதுதான் பி.எம்.ஐ. எனக்கு 45. சர்க்கரைக்கு மூணு வேளையும் மாத்திரை, பிரஷருக்கு ரெண்டு. குறட்டையைப் பத்திக் கேக்கவே வேணாம். தூக்கத்துல மூச்சே நின்னு நின்னு வருதுன்னு சொல்லி, மூஞ்சியில முகமூடி மாதிரி ஒரு மெஷினை மாட்டிவிட்டாங்க. பஸ்ல எனக்குப் பக்கத்து சீட்டு கடைசியாத்தான் நிரம்பும். ஷூ லேஸ் கட்டினது பொண்ணுதான்.

சும்மா இருந்தேன்னு நினைக்காதீங்க. இருபது வருஷத்துல ஆறு தடவை பத்துக் கிலோவுக்கு மேல குறைச்சிருக்கேன். கூட்டிப் பாத்தா ஒரு ஆளையே கரைச்சிருக்கேன்! ஆனா அந்த ஆளு ஒவ்வொரு தடவையும் வட்டியோட திரும்பி வந்துட்டான்.

இது குறுக்கு வழியா?

நான் மறைச்சதுக்குக் காரணமே இந்தக் கேள்விதான். "வாயைக் கட்ட முடியாதவன் வயித்தை வெட்டிக்கிட்டான்"னு ஒருத்தரைப் பத்தி எங்க சொந்தத்துலயே பேசிக் கேட்டிருக்கேன். அந்தப் பேச்சு என் காதுலயும் விழக்கூடாதுன்னுதான் கொள்ளு ரசம் வெச்சேன்.

ஆனா விஷயத்தைப் படிக்கப் படிக்கத்தான் புரிஞ்சுது, இது வாயோட பிரச்சனை மட்டும் இல்ல. அமெரிக்காவுல 'தி பிக்கஸ்ட் லூசர்'னு ஒரு டிவி போட்டி நடந்துச்சு. யாரு அதிகமா எடை குறைக்கிறாங்களோ அவங்களுக்குப் பரிசு. அதுல கலந்துக்கிட்ட 14 பேரை ஆறு வருஷம் கழிச்சுப் பரிசோதிச்சு 2016ல ஆய்வு முடிவை வெளியிட்டாங்க. 13 பேருக்கு எடை மறுபடி ஏறியிருந்துச்சு. அதைவிட முக்கியம், சும்மா உக்காந்திருக்கும்போது அவங்க உடம்பு எரிக்கிற கலோரி, அந்த எடைக்கும் வயசுக்கும் எவ்வளவு இருக்கணுமோ அதைவிட ஒரு நாளைக்குச் சுமார் 500 கம்மி. அதாவது, எடை குறைஞ்சா உடம்பு அதைப் பஞ்சம்னு நினைச்சுக்கிட்டு செலவைச் சுருக்கிடுது. பசியையும் கூட்டிடுது. தினம் தினம் உடம்போட மல்லுக்கட்டி எத்தனை வருஷம் ஜெயிக்க முடியும்?

ஆபரேஷன் அந்த மல்லுக்கட்டைத்தான் கொஞ்சம் சமனாக்குது. ஸ்லீவ்ல இரைப்பையோட முக்கால் பங்குக்கு மேல வெட்டி எடுத்துட்டு, வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயை மட்டும் விட்டுவைக்கிறாங்க. கம்மியா சாப்பிட முடியும்ங்கிறது பாதிக் கதைதான். வெட்டி எடுக்குற பகுதியிலதான் கிரெலின்ங்கிற பசி ஹார்மோன் பெரும்பாலும் சுரக்குது. 1999ல ஜப்பான்காரங்க கண்டுபிடிச்ச ஹார்மோன் அது. அது குறைஞ்சு, 'போதும்'னு மூளைக்குச் சொல்ற குடல் ஹார்மோன்கள் கூடுது. ஆபரேஷன் முடிஞ்சு மூணாவது வாரம், மதியம் ரெண்டு மணிக்குத்தான் 'அட, நாம இன்னும் சாப்பிடலியே'ன்னு ஞாபகம் வந்துச்சு. நாப்பத்திச் சொச்சம் வருஷத்துல எனக்கு அப்படி ஒரு நாள் வந்ததே இல்ல. மத்தவங்களுக்கு இது தினமும் இப்படித்தான் இருந்திருக்கா! அன்னிக்கு எனக்கு அழுகையே வந்துடுச்சு.

இது நேத்து முளைச்ச வைத்தியமும் இல்ல. அமெரிக்காவோட அயோவா பல்கலைக்கழகத்துல எட்வர்ட் மேசன்னு ஒரு சர்ஜன் 1966லயே இரைப்பை பைபாஸ் பண்ணியிருக்கார். ஸ்வீடன்ல 1987ல இருந்து ஆபரேஷன் பண்ணிக்கிட்ட 2,010 பேரையும், பண்ணிக்காத 2,037 பேரையும் தொடர்ந்து கவனிச்சாங்க. சராசரியா 11 வருஷம் கவனிச்ச பிறகு 2007ல கணக்குச் சொன்னாங்க. பண்ணிக்காதவங்கள்ல இறந்தவங்க 129 பேர், பண்ணிக்கிட்டவங்கள்ல 101 பேர். வித்தியாசம் சின்னதாத் தெரியலாம். அந்த 28 பேர் வீட்ல கேட்டாத்தான் அருமை தெரியும்.

சர்க்கரைக்கு வருவோம். கிளீவ்லேண்ட் கிளினிக்ல 150 நோயாளிகளை வெச்சு நடத்தின ஆய்வோட அஞ்சு வருஷ முடிவு 2017ல வந்துச்சு. மூணு மாச சராசரி சர்க்கரை 6 அல்லது அதுக்குக் கீழ வந்தவங்க, மருந்து மட்டும் எடுத்தவங்கள்ல 5 சதவீதம். ஸ்லீவ் பண்ணினவங்கள்ல 23, பைபாஸ்ல 29. எல்லாருக்கும் சர்க்கரை ஓடிப்போயிடலைங்கிறதையும் இதே கணக்குதான் சொல்லுது, அதையும் கவனிங்க. எனக்கு மூணு வேளை மாத்திரை ஒரு வேளையாச்சு. மூச்சு மெஷின் பரண் மேல ஏறிடுச்சு.

அப்ப இது மந்திரமா?

அதுவும் இல்லீங்க. சொர்க்கம்னு எழுதினா அதுவும் இன்னொரு கொள்ளு ரசம்தான்.

முதல் ரெண்டு வாரம் தண்ணி ஆகாரம், அப்புறம் மசிச்சது, அப்புறம் குழைவா. ரெண்டு மாசம் கழிச்சு முழுசா ஒரு இட்லி சாப்பிட அரை மணி நேரம் ஆச்சு. அவசரமா முழுங்கினா நெஞ்சுல கல்லு வெச்ச மாதிரி இருக்கும். சாப்பாட்டோட தண்ணி குடிக்கக் கூடாது. தினமும் குறைஞ்சது 60 கிராம் புரதம் உள்ள போகணும்னா முட்டை, மீன், பருப்பு, பனீர்னு கணக்குப் பாத்துத்தான் தட்டுல வைக்கணும். நாலாவது மாசம் தலைமுடி கொத்துக் கொத்தாக் கொட்டுச்சு (அப்புறம் வந்துடுச்சு, இருந்த அளவுக்கு!). விட்டமின் மாத்திரை ஆயுசு முழுக்க.

இங்கதான் என் பொய் என்னைக் கடிச்சுது.

ஆபரேஷன் பண்ணினது யாருக்கும் தெரியாது இல்லையா? கல்யாணப் பந்தியில "என்னப்பா கொறிக்கிற, நல்லா சாப்பிடு"ன்னு இலையில அள்ளி அள்ளி வெப்பாங்க. காரணம் சொல்ல முடியாது. தின்னுட்டு, கைகழுவுற இடத்துல போய் வாந்தி எடுத்திருக்கேன். ஆஸ்பத்திரி வெயிட்டிங் ஹால்ல தெரிஞ்சவங்க யாராவது பாத்துட்டா என்ன பண்றதுன்னு ஒன்றரை வருஷத்துக்கு அப்புறம் செக்கப்புக்குப் போறதையே விட்டுட்டேன். வீட்டுக்கு வர்றவங்க பாத்துக் கேப்பாங்கன்னு மாத்திரை டப்பாவை அலமாரிக்குள்ள ஒளிச்சு வெச்சேன். ஒளிச்சு வெச்சதை மறந்தும் போனேன்.

ரெண்டே முக்கால் வருஷத்துல பாதம் மரத்துப்போச்சு. செருப்பு கழண்டது தெரியாம நடந்திருக்கேன். சர்க்கரையாலதான்னு நானே முடிவு பண்ணிக்கிட்டு நாலு மாசம் ஓட்டினேன். கடைசியில ரத்தப் பரிசோதனையில பார்த்தா பி12 தரை தட்டிக் கிடக்கு. உணவுல இருந்து பி12ஐ உடம்பு எடுத்துக்கணும்னா இரைப்பை சுரக்கிற அமிலமும் ஒரு புரதமும் வேணும். இரைப்பையே முக்கால்வாசி போனவனுக்கு அது எங்கிருந்து வரும்? கல்லீரல் சேத்து வெச்சிருக்கிற இருப்பு வருஷக்கணக்குல தாங்கும். அதனால ஒண்ணும் ஆகலைன்னு நம்பி ஏமாந்துடுவோம். ஊசி போட்டாங்க. பெரும்பாலும் சரியாயிடுச்சு. இடது கால் கட்டை விரல் மட்டும் இன்னும் என்கூடப் பேசல.

எடையும் அப்படித்தான். 128ல இருந்து 82 வரைக்கும் வந்தது, 88க்கு ஏறிடுச்சு. மறுபடி டயட்டீஷியனைப் பாத்து இப்ப 85ல நிக்குது. இது எனக்கு மட்டும் வந்த அதிசயம் இல்ல. அந்த ஸ்வீடன் கணக்குலயே பைபாஸ் பண்ணினவங்க முதல் ரெண்டு வருஷத்துக்குள்ள 32 சதவீதம் குறைஞ்சு, பத்தாவது வருஷம் 25 சதவீதத்துலதான் நின்னாங்க. கொஞ்சம் திரும்பி வரும். அதுக்கு வெக்கப்பட்டு டாக்டர்கிட்ட போகாம இருக்கிறதுதான் ஆபத்து.

என் கருத்து (கேட்டாலும் கேக்காட்டியும்)

இந்த வைத்தியத்துல கத்தியைவிட ஆபத்தானது வெக்கம்தான். குறுக்கு வழின்னு நாம கேலி பேசுறோம், அதனால பண்ணிக்கிட்டவங்க மறைக்கிறாங்க. மறைக்கிறதால பின்கவனிப்பு போயிடுது. பண்ணிக்க வேண்டியவங்களுக்கோ இப்படி ஒரு வழி இருக்குங்கிறதே தெரியாமப் போகுது, இல்லேன்னா அழகு சிகிச்சை மாதிரி விளம்பரம் பாத்து ஓடுறாங்க.

அப்படி ஓட வேணாம். 2024 ஏப்ரல்ல சென்னைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில எடை குறைக்கப் போன இளைஞர் ஒருத்தர் இறந்துபோன செய்தி எல்லாரும் படிச்சதுதான். அமெரிக்காவுல பத்து மருத்துவ மையங்கள்ல 4,776 பேரைக் கவனிச்சு 2009ல வெளியிட்ட கணக்குல, முப்பது நாளுக்குள்ள இறந்தவங்க 0.3 சதவீதம். ஆயிரத்துக்கு மூணு பேர். கம்மிதான், ஆனா பூஜ்ஜியம் இல்ல. அதனால எங்க, யாரு பண்றாங்க, ஐ.சி.யூ. இருக்கா, எத்தனை பேருக்குப் பண்ணியிருக்காங்க, அஞ்சு வருஷம் கழிச்சு வந்தாலும் பாப்பாங்களான்னு கூச்சப்படாம கேளுங்க. ஏற்கெனவே நெஞ்செரிச்சல் இருந்தா சொல்லிடுங்க, ஸ்லீவ் அதை மோசமாக்கலாம்.

இன்சூரன்ஸ் கிடைக்காதுன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. 2019ல காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த வாசகத்துல, 18 வயசு ஆகியிருந்து, டாக்டர் பரிந்துரையோட, பி.எம்.ஐ. 40க்கு மேல இருந்தாலோ, 35க்கு மேல இருந்து கட்டுக்கடங்காத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சடைப்பு மாதிரி நோய் இருந்தாலோ விலக்குப் பொருந்தாது. பாலிசியில பொடி எழுத்தைப் படிங்க.

"ஊசி வந்துடுச்சே, கத்தி எதுக்கு?"ன்னு கேப்பீங்க. 2025ல டிர்செபடைட், செமக்ளூடைட் ரெண்டும் எடை குறைப்புக்குன்னே நம்ம ஊருக்கும் வந்தாச்சு. நல்ல மருந்துதான், பலருக்கு ஆபரேஷனே தேவைப்படாமப் போகலாம். ஆனா செமக்ளூடைட் ஊசியை நிறுத்தினவங்களுக்கு ஒரே வருஷத்துல, குறைஞ்ச எடையில மூணுல ரெண்டு பங்கு திரும்பினதை 2022ல வந்த ஆய்வு காட்டுச்சு. கத்தியோ ஊசியோ, ரெண்டுமே ஆயுசு முழுக்க கவனிக்க வேண்டிய வைத்தியம். சர்க்கரைக்கு மாத்திரை போடுறவனைப் பாத்து 'குறுக்கு வழி'ன்னு நாம சொல்றதில்லையே!

போன வாரம் சித்தப்பா பையனை வீட்டுக்குக் கூப்பிட்டு எல்லாத்தையும் சொன்னேன். வயித்துல இருக்குற அஞ்சு தழும்பையும் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "முன்னாடியே சொல்லியிருக்கலாம்லண்ணே"ன்னான். திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

அவன் ஆபரேஷன் பண்ணிக்கணும்னு நான் சொல்லல. ஊசியா, டயட்டா, கத்தியா, அது அவனும் டாக்டரும் பேசி எடுக்க வேண்டிய முடிவு. வர்ற சனிக்கிழமை டாக்டரைப் பாக்க அவன்கூட நானும் போறேன். வெயிட்டிங் ஹால்ல தெரிஞ்சவங்க யாராவது இருந்தா, நானே முதல்ல போய் வணக்கம் சொல்றதா இருக்கேன்.

டிஸ்கி: கொள்ளு ரசத்து மேல எனக்கு எந்தக் கோவமும் கிடையாது. இப்பவும் வாரம் ரெண்டு நாள் வெக்கிறோம். ருசிக்காக! :-)