முடக்குவாதமும் பஞ்சுத் தூசியும்: மரபணுத் தரவு யாருக்குச் சாட்சி?

முடக்குவாதம் வெறும் மூட்டுத் தேய்மானமன்று. கிருமிகளை எதிர்க்க வேண்டிய பாதுகாப்பு அமைப்பே சொந்த மூட்டுகளின் மீது பாய்கிற தன்னுடல் தாக்கு நோய் அது. விரல்கள் வீங்கும், கோணும். காலையில் எழுந்தால் கையை மடக்கவே நெடுநேரமாகும். ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு அதிகமாகத் தாக்குகிறது. இயந்திரத்தின் முன் விரல்களை நம்பிப் பிழைக்கும் பெண்ணுக்கு இது வேலையிழப்பு என்பதன் மறுபெயர்.

இந்நோய் ஏன் வருகிறது? "பரம்பரை" என்பது எளிதான பதில். நிர்வாகங்களுக்கு வசதியான பதிலும்கூட. ஆனால் ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு இந்நோய் வந்தால், மற்றவருக்கும் வருவது நூற்றுக்குச் சுமார் 15 பேருக்குத்தான். மரபணு ஒன்றாக இருந்தும் மற்றவர் தப்புகிறார் என்றால், மீதிக் காரணத்தை வெளியில்தான் தேட வேண்டும்.

தேடியவர்கள் சிலர் உண்டு. 1953இல் வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் எக்ஸ்-ரே படங்களை ஆராய்ந்த மருத்துவர் கேப்லன், முடக்குவாதம் உள்ளவர்களின் நுரையீரலில் தனித்தன்மையுள்ள கட்டிகளைக் கண்டார். பின்னர் சுவீடனில், கல் தூசியில் உழைத்த ஆண்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று தெரியவந்தது.

நமக்கு இன்னும் நெருக்கமானது 2016இல் அச்சான மலேசிய ஆய்வு. மலாய், சீன, இந்திய வம்சாவளியினரை உள்ளடக்கிய அந்த ஆய்வில், நோயுற்ற 910 பெண்கள், நோயற்ற 910 பெண்களோடு ஒப்பிடப்பட்டனர். ஜவுளித் தூசியில் வேலை செய்த பெண்களுக்கு நோய் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆய்வாளர்கள் அத்துடன் நிற்கவில்லை. இரத்தத்தில் எச்எல்ஏ-டிஆர்பி1 என்னும் மரபணுவின் குறிப்பிட்ட வகையையும் பார்த்தனர். தூசியும் அந்த மரபணு வகையும் சேர்ந்தவர்களுக்கு, நோயின் கடுமையான வடிவம் வரும் வாய்ப்பு, இரண்டும் இல்லாதவர்களைப்போல் சுமார் 39 மடங்கு! இரண்டும் சேர்ந்த பெண்கள் எண்ணிக்கையில் குறைவென்பதால் 39 என்பதைத் துல்லியக் கணக்காகக் கொள்ளக்கூடாது. திசை ஐயத்திற்கு இடமற்றது.

ஆய்வாளர் பலர் ஏற்கும் விளக்கம் இது. தூசியோ புகையோ நுரையீரலை இடைவிடாது அரிக்கும்போது அங்குள்ள புரதங்கள் உருமாறுகின்றன. அந்த மரபணு வகை உள்ளோரின் உடல், உருமாறிய புரதத்தை அந்நியன் என்று எளிதில் அடையாளம் காட்டிவிடுகிறது. மூட்டில் வெடிக்கும் நோய் மூச்சில் தொடங்குகிறது.

தோழர்கள் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. மரபணுத் தரவு இல்லாதிருந்தால் தூசியின் பங்கு வெறும் மூன்று மடங்காகவே தெரிந்திருக்கும். ஆலையை விடுவிக்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட சாட்சி, ஆலையையே கூண்டில் ஏற்றியிருக்கிறது. ஆனால் இதே தரவை முதலாளி வேறு மாதிரி வாசிப்பார்: தூசியை அகற்றுவதைவிட, அந்த மரபணு உள்ளவளை வேலைக்கு எடுக்காமலிருப்பது மலிவு. இது கற்பனை அச்சமன்று. அமெரிக்காவின் பர்லிங்டன் நார்தர்ன் சான்டா ஃபே ரயில் நிறுவனம், மணிக்கட்டு நரம்பு பாதிப்புக்கு இழப்பீடு கோரிய தொழிலாளர்களின் இரத்தத்தை அவர்களுக்குத் தெரியாமலே மரபணுச் சோதனை செய்தது. 2001இல் வழக்கு வந்தது. மறு ஆண்டு 22 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. 2008இல் அங்கே இதைத் தடுக்கும் சட்டம் வந்தது. இந்தியாவில் அத்தகைய தனிச் சட்டம் இன்றுவரை இல்லை.

இங்கே 10,000 இந்தியரின் மரபணுத் தொகுதித் தரவு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஃபரீதாபாத்தில் உள்ள தரவு மையத்தில் அது இருக்கிறது. பொதுப்பணத்தில் நடந்த நல்ல வேலைதான், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பிவாண்டியின் விசைத்தறியிலும் திருப்பூரின் பின்னலாடைக் கூடத்திலும் கம்பாத்தின் அகேட் பட்டறையிலும் எத்தனை ஆண்டுகள் எந்தத் தூசியைச் சுவாசித்தார்கள் என்ற கணக்கு அருகில் இல்லாமல், மரபணு மட்டும் நோயின் காரணத்தைச் சொல்லாது. உழைப்பின் வரலாற்றை விட்டுவிட்டு இரத்தத்தை மட்டும் சேகரித்தால், அதனால் ஆதாயம் பெறப்போவது மருந்துக் கம்பெனியும் காப்பீட்டுக் கம்பெனியும்தான்.

சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் தொழில்சார் நோய் அட்டவணையில் சிலிக்கோசிஸ் இருக்கிறது, பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய் இருக்கிறது, முடக்குவாதம் இல்லை. அட்டவணையில் இருந்தால் வேலையால் வந்த நோய் என்றே கொள்ளப்படும். இல்லையென்றால் நிரூபிக்கும் சுமை முழுவதும் கோணிய விரல்களின் மீது. தூசியில் உழைத்தோருக்கு இந்நோயை அட்டவணையில் சேர்க்கக் கோருவதற்கு வேண்டிய சான்றுகள் நம் கையில் உள்ளன. அதற்கு முன்பே தொழிற்சங்கங்கள் செய்யத் தொடங்கக்கூடிய வேலையும் உண்டு: வீங்கிய மூட்டுகளோடு இஎஸ்ஐ மருந்தகத்திற்கு வரும் ஒவ்வொருவரிடமும் எந்தப் பிரிவில், எத்தனை ஆண்டு வேலை என்று கேட்டு, அதை மருத்துவச் சீட்டிலேயே எழுத வைப்பது.